கிட்ஹப் மெர்ஜ் கியூ: மெயின் பிரான்ச் உடையாமல் இருக்க இது போதுமா?

பைத்தான் மொழியின் ஜாங்கோ கட்டமைப்பில் எழுதிய ஒரு ப்ராஜெக்ட். கடைசி மைக்ரேஷன் (டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் கோப்பு) 0041. சிங்கப்பூரில் இருக்கும் டெவலப்பர் ஒரு மாடலில் புதிய ஃபீல்டு சேர்க்கிறார். 0042 என்று தொடங்கும் மைக்ரேஷன் கோப்பு உருவாகிறது. சென்னையில் இருப்பவர் அதே நாளில் அதே ஆப்பில் வேறொரு மாடலைத் தொடுகிறார், அவருக்கும் 0042. கோப்புப் பெயரின் பிற்பகுதி வேறு, தொட்ட வரிகளும் வேறு. அதனால் கோட் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவியான கிட் எந்த மோதலையும் காட்டாது. இரண்டு மைக்ரேஷன்களும் 0041-ஐத்தான் தமக்கு முந்தையதாகக் குறிப்பிடுகின்றன. தனித்தனியே ஓடினால் இரண்டும் பாஸ். இரண்டும் எல்லாரும் பகிரும் முதன்மைக் கிளையான மெயினில் சேர்ந்த நிமிடமே மைக்ரேட் கட்டளை, ஒரே ஆப்பில் இரண்டு முனைகள் இருக்கின்றன என்று சொல்லி நின்றுவிடும். ரிவியூ செய்தவர் மேல் தப்பில்லை, எழுதிய இருவர் மேலும் தப்பில்லை. மெயின் மட்டும் சிவப்பு, அதாவது உடைந்துவிட்டது.

ஏன் இப்படி? மாற்றத்தை மெயினில் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையான புல் ரிக்வெஸ்ட்டில் தானாக ஓடும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் சோதனை, கிளையைத் தனியே எடுத்துச் சோதிப்பதில்லை. மெயினோடு இணைத்துப் பார்க்கும் ஒரு தற்காலிக கமிட்டைத்தான் (கோடின் ஒரு பதிவுநிலை) சோதிக்கிறது. ஆனால் அது சோதனை ஓடிய நேரத்து மெயின். காலை 10 மணிக்கு வந்த பச்சை டிக்கை நம்பி மாலை 5 மணிக்கு மெர்ஜ் செய்கிறோம், அதாவது மெயினில் சேர்க்கிறோம். நடுவில் மெயினில் என்னென்ன சேர்ந்தது என்பது அந்த டிக்குக்குத் தெரியாது. சிங்கப்பூரும் சென்னையும் சேர்ந்து வேலை செய்யும் குழுக்களில் இந்த ஆபத்து மாலையில்தான் கூடுதல். சிங்கப்பூரில் 5 முதல் 6 மணி வரை எல்லாரும் கிளம்பும் முன் மெர்ஜ் செய்யப் பார்ப்பார்கள்; இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கும் சென்னையில் அப்போது பிற்பகல், வேலை முழு வேகத்தில் ஓடும் நேரம்.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் மெர்ஜ் கியூ: புல் ரிக்வெஸ்ட்டுகளை வரிசையில் நிறுத்தி, சோதித்து, மெயினில் சேர்க்கும் கிட்ஹப் வசதி. 2023 ஜூலையில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. யோசனை கிட்ஹப்புடையது அல்ல: ரஸ்ட் மொழிக்குழு பார்ஸ் என்ற தானியங்கி நிரலை வைத்தும், ஓப்பன்ஸ்டாக் குழு 2012-லிருந்து சூல் என்ற கருவியை வைத்தும் இதையே செய்துவந்தன. கிட்ஹப் அதைத் தனி சர்வர் எதுவும் நடத்தாமலே கிடைக்கும்படி செய்திருக்கிறது. மெயினை எந்த நேரமும் டிப்ளாய் செய்யத்தக்க (பயனர்களுக்கு வெளியிடத்தக்க) நிலையில் வைத்திருக்க நினைக்கும் குழுவுக்கு இது உண்மையிலேயே நல்ல சேவை. ஆனால் டெஸ்ட்டுகள் நம்பத்தக்கவையாக இருந்தால் மட்டுமே. சில நேரம் பாஸ், சில நேரம் ஃபெயில் என்று ஆடும் டெஸ்ட்டுகளை வைத்துக்கொண்டு இதை ஆன் செய்தால் முதலுக்கே மோசம்.

முதலில் இதற்கு முந்தைய வழியைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பல குழுக்களுக்கு அதுவே போதும். பிரான்ச் புரொடெக்‌ஷனில், மெர்ஜ் செய்யும் முன் கிளை மெயினோடு முழுக்க ஒத்திருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் ஒரு டிக்பாக்ஸ் இருக்கிறது. அதைப் போட்டால் மேலே சொன்ன 0042 விபத்து நடக்காது. விலை நேரத்தில் வரும். ஆறு புல் ரிக்வெஸ்ட்டுகள் தயாராகக் காத்திருக்கின்றன, சிஐ (தானியங்கிச் சோதனை) ஓட்டம் ஒன்றுக்கு 15 நிமிடம் என்று வையுங்கள். ஒன்று உள்ளே போனதும் மீதி ஐந்தும் பழையதாகிவிடும். ஆள் ஆளுக்கு அப்டேட் பட்டனை அழுத்தி மறுபடி ஓட்ட வேண்டும். 6+5+4+3+2+1, மொத்தம் 21 ஓட்டம். கடைசி ஆள் உள்ளே போக எப்படிப் பார்த்தாலும் 90 நிமிடம். ஆட்டோ மெர்ஜ் வசதியும் இங்கே கைகொடுக்காது. அது சோதனை பாஸானதும் மெர்ஜ் செய்யுமே தவிர, பின்தங்கிய கிளையைத் தானாக அப்டேட் செய்யாது. ஒரு நாளைக்கு நான்கைந்து மெர்ஜ் மட்டுமே நடக்கும் குழுவுக்கு இந்தச் சிரமம் பெரிதில்லை. இருபதைத் தாண்டினால் தாங்காது.

கியூ வேலை செய்யும் விதம் வேறு. மெர்ஜ் வென் ரெடி பட்டனை அழுத்தியதும் புல் ரிக்வெஸ்ட் வரிசையில் சேரும். முதலாவதற்கு மெயின் கூட்டல் ஒன்று என்று ஒரு தற்காலிக பிரான்ச். இரண்டாவதற்கு மெயின் கூட்டல் ஒன்று கூட்டல் இரண்டு. மூன்றாவதற்கு மூன்றும் சேர்த்து. முன்னால் இருப்பவை பாஸாகும் என்று வைத்துக்கொண்டு எல்லாச் சோதனைகளும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. அதே ஆறு புல் ரிக்வெஸ்ட், ஒரே நேரத்தில் ஆறு ஓட அனுமதி, எல்லாம் பாஸ் என்றால்: 6 ஓட்டம், சுமார் 15 நிமிடம். இரண்டாவது தோற்றால் அது வெளியே போகும். மூன்று முதல் ஆறு வரை அது இல்லாமல் மறுபடி கட்டப்பட்டு ஓடும். நம் 0042 கதையில், பின்னால் வந்தவரின் சோதனை கியூவுக்குள்ளேயே தோற்றுவிடும். மெயினை அது தொடுவதே இல்லை.

இதில் கவனிக்க வேண்டிய நேர்த்தி ஒன்று: கியூவில் சோதிக்கப்பட்ட அதே கமிட்தான் மெயினின் நுனியாக மாறுகிறது. சோதித்தது ஒன்று, இறங்கியது வேறு என்ற பேச்சே இல்லை.

அமைப்பதுதான் பலருக்கு முதல் நாளில் சறுக்கும் இடம். ரூல்செட்டில் (கிளைக்கான விதிகளின் தொகுப்பு) கியூவை ஆன் செய்துவிட்டு ஒரு புல் ரிக்வெஸ்ட்டைச் சேர்த்தால், அது ஒரு மணி நேரம் காத்திருந்து டைம்அவுட் ஆகி வெளியே விழும். காரணம், எந்தச் சோதனை எப்போது ஓட வேண்டும் என்று சொல்லும் வொர்க்ஃப்ளோ கோப்பு புல் ரிக்வெஸ்ட் நிகழ்வுக்கு மட்டுமே எழுதப்பட்டிருக்கும். கியூ அனுப்புவது மெர்ஜ் குரூப் என்ற தனி நிகழ்வு. கட்டாயம் என்று குறித்திருக்கும் ஒவ்வொரு சோதனையின் வொர்க்ஃப்ளோவிலும் அந்த நிகழ்வைச் சேர்க்க வேண்டும். சேர்த்து, அந்த மாற்றம் மெயினில் இறங்கிய பிறகுதான் கியூவை ஆன் செய்ய வேண்டும். இந்த வரிசையை மாற்றக்கூடாது. ஜென்கின்ஸ் போன்ற வெளி சிஐ வைத்திருப்பவர்கள், கிட்ஹப் உருவாக்கும் தற்காலிக கியூ கிளைகளுக்கும் பில்ட் ஓடும்படி கிளைப் பெயர் வடிகட்டியைத் திருத்த வேண்டும். நட்சத்திரக் குறி போட்டு எழுதிய பிரான்ச் புரொடெக்‌ஷன் விதிகளில் கியூவை ஆன் செய்ய முடியாது. மெயின் என்று முழுப் பெயர் கொடுக்க வேண்டும்.

அடுத்த குழி, ஒரே நேரத்தில் இரண்டு ஓட்டம் வேண்டாம் என்று பழைய ஓட்டத்தை ரத்து செய்யும் அமைப்பு. ஒரே குழுப்பெயர் உள்ள ஓட்டங்களில் பழையதுதான் ரத்தாகும்; பல வொர்க்ஃப்ளோக்களில் அந்தக் குழுப்பெயரை, புல் ரிக்வெஸ்ட்டின் மூலக் கிளைப் பெயரை வைத்து அமைத்திருப்பார்கள். மெர்ஜ் குரூப் நிகழ்வில் அந்த மதிப்பு வெறுமை. விளைவு: கியூவில் ஓடும் எல்லாவற்றுக்கும் ஒரே குழுப்பெயர், புதிதாக ஒன்று வரும்போதெல்லாம் முன்னது ரத்து, ரத்தானதால் கியூவிலிருந்து வெளியேற்றம். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கியூ பைத்தியம் பிடித்ததுபோல் தெரியும். குழுப்பெயரை நடப்பு ரெஃப் (கிளையைக் குறிக்கும் முகவரி) பெயரால் அமைத்தால் சரியாகிவிடும், ஏனென்றால் கியூவில் ஒவ்வொன்றுக்கும் தனி ரெஃப்.

மூன்றாவது குழி சத்தம் போடாது, அதனால்தான் மிக ஆபத்து. ஒரு வொர்க்ஃப்ளோவில் நிறைய ஜாப்கள் (தனித்தனி வேலைகள்) இருக்கும்போது, எல்லாம் முடிந்தபின் ஓடும் ஒரு கடைசி ஜாபை மட்டும் கட்டாயச் சோதனையாக வைப்பது வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தக் கடைசி ஜாப் நம்பியிருக்கும் ஜாப்களில் ஒன்று தோற்றால், கடைசி ஜாப் தோற்காது; ஸ்கிப் ஆகும். ஸ்கிப் ஆன ஜாபை கிட்ஹப் பாஸ் என்று எடுத்துக்கொள்ளும். டெஸ்ட் தோற்றும் கோட் மெயினுக்குள் போய்விடும். கடைசி ஜாபுக்கு, எது நடந்தாலும் ஓடு என்ற நிபந்தனையைப் போட்டு, உள்ளே முந்தைய ஒவ்வொரு ஜாபின் முடிவையும் வெளிப்படையாகச் சரிபார்த்து, ஒன்று தோற்றிருந்தாலும் ரத்தாகியிருந்தாலும் தோல்விக் குறியீட்டோடு வெளியேற வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் கியூ போட்டால் எல்லா உழைப்பும் விழலுக்கு இறைத்த நீர். அமைத்த அன்றே வேண்டுமென்று ஒரு டெஸ்ட்டை உடைத்து, கியூ அதை வெளியே தள்ளுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கேச் (ஒருமுறை இறக்கியதை மறுபடி பயன்படுத்தச் சேமித்து வைப்பது) பற்றியும் சொல்ல வேண்டும். கியூவில் சோதித்த கமிட்தான் மெயினில் இறங்குகிறது என்பதால், மெயினில் மறுபடி முழுச் சோதனையும் ஓடத் தேவையில்லை. நீக்கிவிடலாம் என்று தோன்றும். பாதி சரி. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் கேச் கிளைவாரியாகப் பிரிந்தது. கியூவின் தற்காலிகக் கிளை மெயினின் கேச்சைப் படிக்கும். தான் எழுதும் கேச் அடுத்த கிளைக்குப் பயன்படாது. மெயினில் எதுவுமே ஓடவில்லை என்றால் அங்கே கேச் புதுப்பிக்கப்படாது, சில நாட்களில் கியூவின் ஒவ்வொரு ஓட்டமும் எல்லா டிபெண்டன்சிகளையும் (ப்ராஜெக்ட் நம்பியிருக்கும் பிற தொகுப்புகள்) முதலிலிருந்து இறக்கும். மெயினில் டெஸ்ட்டை நீக்குங்கள், டிபெண்டன்சிகளை நிறுவிக் கேச்சை எழுதும் சின்ன ஜாபை விட்டுவையுங்கள்.

எண்களுக்கு வருவோம். செட்டிங்ஸில் ஒரே நேரத்தில் எத்தனை பில்ட் என்பதை 1 முதல் 100 வரை வைக்கலாம். பெரிய எண் வைத்தால் வேகம் என்று நினைக்க வேண்டாம். ஒரு ஓட்டத்தில் 8 ஜாப் இருந்து, ஒரே நேரத்தில் 5 பில்ட் வைத்தால் 40 ரன்னர் (ஜாபை ஓட்டும் கணினி) வேண்டும். கிட்ஹப் தரும் சாதாரண ரன்னர்களில் ஒரே நேரத்தில் இலவசத் திட்டத்துக்கு 20 ஜாப், டீம் திட்டத்துக்கு 60, என்டர்பிரைஸுக்கு 500. மேக் ரன்னர் என்றால் இன்னும் குறைவு. இலவச ஆர்கனைசேஷனில் திறந்த மூல ப்ராஜெக்ட் நடத்துபவர் 5 என்று வைத்தால் பாதி ஜாப்கள் ரன்னருக்காகக் காத்துக் கிடக்கும். அந்தக் காத்திருப்பும் டைம்அவுட் கணக்கில் சேரும். ரன்னர் எண்ணிக்கையை ஜாப் எண்ணிக்கையால் வகுத்து, கிடைப்பதிலிருந்து புல் ரிக்வெஸ்ட் சோதனைகளுக்கும் கொஞ்சம் விட்டுவைத்து மீதியைக் கொடுங்கள். டைம்அவுட்டை, மிக மெதுவான ஓட்டத்தின் இரண்டு மடங்குக்கு வைத்தால் போதும். குழு அளவு என்ற செட்டிங் பலரைக் குழப்புகிறது. அது எத்தனை புல் ரிக்வெஸ்ட் ஒரே மூச்சில் மெயினில் இறங்கலாம் என்பதைக் கட்டுப்படுத்துவது. பில்ட் எண்ணிக்கையைக் குறைக்கும் கருவி அல்ல. மெயினில் இறங்கியதும் டிப்ளாய் தானாக ஓடும், டிப்ளாய்க்கு 20 நிமிடம் ஆகும் என்பவர்களுக்குத்தான் அதில் கை வைக்க வேண்டிய தேவை வரும்.

நீளமான டெஸ்ட்டுகளைக் கியூவில் மட்டும் ஓட்டலாமா? ஓட்டலாம், அதுதான் நல்ல முறையும்கூட. ஆனால் கட்டாயச் சோதனையின் பெயர் புல் ரிக்வெஸ்ட்டிலும் கியூவிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். கியூவுக்கு மட்டும் தனிக் கட்டாயம் என்று குறிக்க வழியில்லை. ஆகவே ஒரே பெயருள்ள ஜாபை இரண்டு நிகழ்விலும் ஓடவிட்டு, உள்ளே நீளமான படிகளுக்கு மட்டும் நிகழ்வு மெர்ஜ் குரூப்பாக இருந்தால் ஓடு என்று நிபந்தனை போட வேண்டும். முழு வொர்க்ஃப்ளோவையும் கோப்புப் பாதை வடிகட்டியால் தவிர்த்தால் அந்தச் சோதனை முடிவே சொல்லாமல் பென்டிங்கில் நிற்கும். ஜாப் அளவில் நிபந்தனை போட்டால் ஸ்கிப், அதாவது பாஸ். இந்த வித்தியாசத்தைத் தெரியாமல் மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் ஏராளம்.

இப்போது முக்கியமான விஷயம், ஃப்ளேக்கி டெஸ்ட், அதாவது முன்பு சொன்ன ஆடும் டெஸ்ட். சோதனைத் தொகுப்பு காரணமே இல்லாமல் 100-க்கு 2 முறை தோற்கிறது என்று வைப்போம். தனியாக ஓட்டும்போது இது தொல்லையே இல்லை. ரீரன் பட்டனை அழுத்திவிட்டுப் போய்விடலாம். கியூவில் ஐந்து ஒரே நேரத்தில் ஓடினால் அதில் ஒன்றாவது தோற்க வாய்ப்பு சுமார் 9.6 சதவீதம். பத்து ஓடினால் சுமார் 18.3 சதவீதம். தோற்பது வரிசையின் தலையில் இருந்தால் பின்னால் இருக்கும் அத்தனையும் மறுபடி முதலிலிருந்து. மாலை 5.30 மணிக்கு இது இரண்டு முறை நடந்தால் குழுவில் யாரும் கியூவை நம்ப மாட்டார்கள். அட்மினிடம் போய் நேரடியாக மெர்ஜ் செய்யச் சொல்லிக் கேட்பார்கள். கதை முடிந்தது.

சிங்கப்பூரில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் ஒரு வகை உண்டு. கிட்ஹப் ரன்னர்கள் யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் ஓடுகின்றன. இங்கே நள்ளிரவு முதல் காலை 8 மணி வரை யூடிசியில் இன்னும் முந்தைய நாள். கோடில் ஒரு பக்கம் சிங்கப்பூர் நேரத்தில் இன்றைய தேதி, இன்னொரு பக்கம் சிஸ்டம் தேதி என்று ஒப்பிடும் டெஸ்ட், பகலில் எப்போதும் பாஸ். இரவு ரிலீஸ் செய்யும் வங்கிக் குழு ராத்திரி 1 மணிக்குக் கியூவில் போட்டால் ஃபெயில். காலை வந்து ரீரன் செய்தால் பாஸ், அதனால் யாரும் தேட மாட்டார்கள். டெஸ்ட்டில் கடிகாரத்தை ஒரு குறிப்பிட்ட நொடியில் உறையவைப்பது நல்ல தீர்வு. உறையவைக்கும்போது வேண்டுமென்றே சிங்கப்பூர் நேரம் காலை 7.59, 8.00 என்று இரண்டு எல்லைகளிலும் ஓட்டுங்கள். மற்ற வழக்கமான காரணங்கள்: வரிசைப்படுத்தச் சொல்லாமல் டேட்டாபேஸிலிருந்து எடுத்து வரிசையை ஒப்பிடுவது, வெளி நிறுவனத்தின் சாண்ட்பாக்ஸை (சோதனைச் சூழலை) நேரடியாக அழைப்பது, இரண்டு நொடி தூங்கிவிட்டு முடிந்திருக்கும் என்று நம்புவது.

தோற்ற டெஸ்ட்டை மட்டும் அதே ஓட்டத்தில் ஒரு முறை மறுபடி ஓட்டினால், அந்தத் தோல்விகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றால், 2 சதவீதம் 0.04 சதவீதமாக இறங்கும். கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் உண்மையான ரேஸ் கண்டிஷனையும் (வேலைகள் முந்திப் பிந்தி ஓடுவதால் வரும் பிழை) அது அப்படியே போர்வை போட்டு மூடும். மறு ஓட்டத்தில் பாஸான ஒவ்வொன்றையும் பதிவு செய்து, வாரம் ஒரு முறை ஒருவர் பார்ப்பது கட்டாயம். பார்க்க ஆளில்லை என்றால் ரீட்ரை வைக்காதீர்கள். அதைவிட, ஆடும் டெஸ்ட்டைக் கட்டாயமில்லாத தனி ஜாபுக்கு மாற்றி, பொறுப்பாளர் பெயரும் கெடுத் தேதியும் போட்டு, அதற்குள் சரியாகவில்லை என்றால் நீக்கிவிடுவது மேல்.

கிட்ஹப் இதற்குத் தரும் வழி வேறு. பாஸானவற்றை மட்டுமே மெர்ஜ் செய் என்ற செட்டிங்கை எடுத்துவிட்டால், குழுவின் நடுவில் ஒன்று தோற்றிருந்தாலும் கடைசி ஒன்று பாஸானால் எல்லாம் இறங்கும். கடைசியில் எல்லா மாற்றங்களும் அடங்கியிருக்கின்றன என்பது வாதம். நுனி பச்சைதான். ஆனால் நடுவில் உண்மையிலேயே உடைந்த கமிட் ஒன்று சரித்திரத்தில் உட்கார்ந்துவிடலாம். மூன்று மாதம் கழித்து பைசெக்ட் (கமிட்டுகளைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் கட்டளை) ஓட்டிப் பிழை தேடுபவர் அதில் மோதி வழி தவறுவார். எங்கள் கருத்து, இந்த செட்டிங்கை எடுக்கவே வேண்டாம்.

விலை கசக்கும். ஆர்கனைசேஷனுக்குச் சொந்தமான பொது ரெப்போவுக்குக் (கோட் களஞ்சியம்) கியூ இலவசம். பிரைவேட் ரெப்போவுக்கு என்டர்பிரைஸ் கிளவுட் வேண்டும். டீம் திட்டம் ஆளுக்கு மாதம் 4 அமெரிக்க டாலர், என்டர்பிரைஸ் 21. 25 பேர் குழுவுக்கு 100 டாலர் 525 டாலராகும். ஆக்‌ஷன்ஸ் நிமிடங்கள் 3,000-லிருந்து 50,000 ஆகக் கூடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும், கியூ நிமிடங்களைச் சாப்பிடும் என்பதால். ஆனாலும் பத்துப் பேருக்குக் குறைந்த நிறுவனம் இதற்காக மட்டும் திட்டம் மாறுவது வீண் செலவு. ஒத்திருக்க வேண்டும் என்ற பழைய டிக்பாக்ஸ் அவர்களுக்குப் போதும். போதாவிட்டால் மெர்ஜிஃபை போன்ற வெளிச் சேவைகள் இருக்கின்றன.

கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லேப் பயன்படுத்துபவர்களுக்கு இதே வேலையை மெர்ஜ் ட்ரெயின் செய்கிறது. 2019-லேயே வந்தது, பிரீமியம் திட்டத்தில் கிடைக்கும், ஒரே நேரத்தில் அதிகபட்சம் 20 பைப்லைன். சிங்கப்பூர் அரசாங்கத்தின் மென்பொருள் உருவாக்கத் தளமான ஷிப்-ஹேட்ஸ் கிட்லேப்பை அடிப்படையாகக் கொண்டது என்பதால், அரசு ப்ராஜெக்ட்டுகளில் வேலை செய்பவர்கள் பார்க்க வேண்டியது அதைத்தான். ஃப்ளேக்கி டெஸ்ட் பற்றிச் சொன்னது அங்கேயும் அப்படியே பொருந்தும்.

திறந்த மூலக் குழுக்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஃபோர்க்கிலிருந்து (வெளியார் எடுத்த ரெப்போ நகல்) வரும் புல் ரிக்வெஸ்ட்டின் சோதனைக்கு ரகசியச் சாவிகள் கொடுக்கப்படுவதில்லை. அதே கோட் கியூவில் சேர்ந்ததும் மூல ரெப்போவின் கிளையாக ஓடுகிறது. அப்போது சாவிகள் அதற்கு எட்டும். கியூவில் சேர்க்கும் முன் ரிவியூ செய்பவர் வொர்க்ஃப்ளோ கோப்புகளையும் டெஸ்ட் ஸ்கிரிப்டுகளையும் ஒரு வரி விடாமல் படிக்க வேண்டும். டிப்ளாய் சாவிகளை மெயினுக்கு மட்டும் திறக்கும் என்விரான்மென்ட்டில் பூட்டி வையுங்கள்.

கடைசியாக அவசர நேரம். புரொடக்‌ஷன் விழுந்து கிடக்கிறது, திருத்தம் தயார், கியூவில் முன்னால் எட்டுப் பேர். வரிசையின் தலைக்குத் தாவும் வசதி இருக்கிறது. தாவினால் ஓடிக்கொண்டிருக்கும் எல்லாப் பில்ட்டும் புதிய அடித்தளத்தில் மறுபடி தொடங்கும். அது ஏற்கத்தக்க விலை, அதைத்தான் பயன்படுத்த வேண்டும். கியூவைத் தாண்டி நேரடியாக மெர்ஜ் செய்தாலும் பின்னால் இருப்பவை மறுபடி ஓடத்தான் போகின்றன. கூடுதலாக, சோதிக்காத கோட் மெயினில் இறங்கியிருக்கும். சிங்கப்பூர் நாணய ஆணையம் 2021 ஜனவரியில் வெளியிட்ட தொழில்நுட்ப இடர் மேலாண்மை வழிகாட்டுதல்கள் மாற்ற மேலாண்மையையும் பொறுப்புப் பிரிவினையையும் வலியுறுத்துகின்றன. நிதி நிறுவனக் குழுக்களில் ரூல்செட்டின் விதிவிலக்குப் பட்டியலில் தனி ஆட்களின் பெயரே இருக்கக் கூடாது. இன்சிடென்ட் நேரத்தில் மட்டும் ஆள் சேர்க்கப்படும் ஒரு டீமை அங்கே வையுங்கள்; இன்சிடென்ட் முடிந்ததும் டீமைக் காலி செய்யுங்கள். யார் எப்போது சேர்க்கப்பட்டார் என்பது ஆர்கனைசேஷனின் ஆடிட் லாகில் பதிவாகும்; அடுத்த நாள் தணிக்கையாளர் கேட்டால் அதையே எடுத்துக் காட்டலாம்.